இனிக்கும் புகையும் என் இடது காலும்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா சப்பலில் சேலைக் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவில் ஒரு கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் சிறு குப்பிகள். உள்ளே தாடி வைத்த, கட்டட வேலைச் சப்பாத்துப் போட்ட வளர்ந்த ஆண்கள் நின்று, ஒவ்வொரு குப்பியாக மூக்கருகே பிடித்து, இது ஸ்ட்ரோபெரியா ராஸ்பெரியா என்று கவலையோடு விவாதிக்கிறார்கள். புகை பிடிக்கத் துணிவில்லாமல் பழச்சாற்றை ஆவியாக்கி ஊதும் இந்தக் கூட்டத்தைப் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் சிகரெட்டும் கையுமாக நின்று எத்தனையோ வருடம் சிரித்திருக்கிறேன். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் அவசரப்பட்டுச் சேர்ந்து சிரிக்க வேண்டாம். இப்போது அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்குப் பிடித்தது மாம்பழம்.

என்னை அந்தக் கடைக்குள் தள்ளியது என் இடது கால். இருநூறு அடி நடந்தால் கெண்டைக்காலைப் பிடித்து முறுக்கும். மருத்துவர் ஒரு தாளில் குழாய் ஒன்றைக் கீறி, அதன் நடுவைப் பேனாவால் கறுப்பாக்கி, இதுதான் உங்கள் இரத்தக் குழாய் என்றார். சிகரெட்டை விடாவிட்டால் இந்தக் காலைப் பற்றி வேறு விதமாகப் பேச வேண்டி வரும் என்றும் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் வெட்டுவதைக்கூட இவ்வளவு நாகரிகமாகச் சொல்வார்கள். நான் உணவகச் சமையல்காரன், நாள் முழுவதும் நின்றே உழைப்பவன். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவர்கள் புராணத்தில் உண்டு. ஒற்றைக் காலில் நின்று கொத்துரொட்டி போட்டவர் எவரும் இல்லை.

கடைக்காரி என் வயதுக்காரி, ஊதா நிறத்தில் தலைமயிர். ஆவி ஊதும் சிறு கருவி ஒன்றைத் தந்துவிட்டு, அதில் ஊற்றும் திரவத்தில் ‘பேஜே’ எவ்வளவு, ‘வேஜே’ எவ்வளவு என்று கேட்டாள். பேஜே என்றால் ப்ரொப்பிலீன் கிளைக்கோல். தண்ணீர் மாதிரி ஓடும், வாசனையைத் தூக்கிக்கொண்டு வரும், தொண்டையில் அடிக்கும். வேஜே என்றால் கிளிசரின். பாகு மாதிரித் தடிப்பானது, ஆவியைப் பொங்கச் செய்யும். போத்தலில் முதலில் எழுதியிருப்பது பேஜேயின் பங்கு, அடுத்தது வேஜேயின் பங்கு. என்னுடையது போன்ற சின்னக் கருவிக்கு ஐம்பதுக்கு ஐம்பது வேண்டும். இவ்வளவையும் அவள் அன்றைக்கே சொன்னாளாம். நான் எதற்கும் “உய், உய்” என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினேன். விளங்காத இடத்தில் ‘உய்’ சொல்லியே விசா எடுத்த தலைமுறை நாங்கள்.

பிறகு நானாகவே தட்டிலிருந்து இருபது எண்பது என்று எழுதிய ஒரு லிட்டர்ப் போத்தலைத் தூக்கினேன். காரணம் கேட்டால் காறித் துப்புவீர்கள். கிளிசரினுக்குப் பக்கத்தில் ‘வெஜெத்தால்’ என்று அச்சடித்திருந்தது. எண்பது பங்கு மரக்கறி, உடம்புக்கு நல்லதுதானே! வெள்ளிக்கிழமையும் ஊதலாம்.

மறுநாள் பிற்பகல், மதியச் சாப்பாட்டு நெரிசல் ஓய்ந்த நேரம். குலாப் ஜாமூனைப் பாகிலிருந்து எடுத்து அடுக்கிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, உணவகக் குசினியிலேயே கலவை வேலையைத் தொடங்கினேன். நிக்கோடின் தனிக் குப்பியில் வரும், அதை இந்தப் பெரிய போத்தல் திரவத்தோடு சேர்க்க வேண்டும். சேர்க்கும் முன், சமையல்காரன் புத்தி போகுமா? இடது உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கி உப்புப் பார்த்தேன்.

இனித்தது.

எனக்குச் சீனி வருத்தம் உண்டு. குளிசையோடு தப்பித்துக்கொண்டிருப்பவன். பையிலிருந்த சீனிச் சோதனைக் கருவியை எடுத்து விரலில் குத்தினேன். இங்கே சீனியைக் கிராமில் சொல்வார்கள். மூன்று கிராம் எண்பது, அதாவது மில்லிகிராம் கணக்கில் முந்நூற்று எண்பது! பதற்றத்தில் நிக்கோடினையும் மறந்து, ஆவியும் இனிக்கிறதா என்று அறிய, அந்தத் திரவத்தை அப்படியே ஊதும் கருவியில் ஊற்றி ஒரு இழுவை இழுத்துப் பார்த்தேன். தடித்த திரவம் கருவிக்குள் இருக்கும் பஞ்சில் ஏறாமல், பஞ்சுதான் எரிந்தது. பழந்துணியைக் கொளுத்திய புகை தொண்டையில் இறங்கியது.

என்னோடு சமைக்கும் குகன், பத்து வயது இளையவன், வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

“என்னண்ணை, ஆவி பிடிக்கிறியளோ?”

“பகிடியை விடடா. சீனி ஏறிட்டுது. உந்தப் போத்தல் முழுக்கச் சீனியடா.”

குகன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். “அப்ப கணக்கைப் பாருங்கோ அண்ணை. சிகரெட்டுக்கு ஒரு கால்தான் போகும். சீனிக்கு ரெண்டும் போகும்.”

உலகில் இதைவிட முட்டாள்தனமான கணக்கு இருக்க முடியாது. எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவின் சுருட்டுக் கொட்டிலில் ஒரு பானை இருந்தது. புகையிலைக் காம்பை அவித்து, பனங்கட்டி கரைத்து, கோடா என்று ஒரு கறுப்புத் திரவம் வைத்திருப்பார். ஈயும் எறும்பும் மிதக்கும். அதைத்தான் புகையிலையில் தெளிப்பார். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் அகப்பையாலேயே போட்டிருப்பார். அப்போதும் நாங்கள் ஊதியது இனிப்பைத்தான் என்று அந்த நேரம் ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை. பயந்தவனுக்கு ஞாபகமும் உதவாது. “சிகரெட்டிலை சீனி இல்லை” என்று முணுமுணுத்தபடி குகனின் பெட்டியிலிருந்து ஒன்றை உருவினேன். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து சிகரெட் தொடாமல் காத்த இருபத்து மூன்று நாள் விரதம். பின்கதவடியில் நின்று, பற்ற வைக்குமுன் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டே, கடைசி மரியாதைக்காக மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் செவ்ரான் புறநகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை. நாள் முழுக்க வெள்ளைக்காரக் கிழங்களின் விரலில் குத்திச் சீனி பார்ப்பவள்.

“சுகந்தி, மூண்டு எண்பது. எல்லாம் முடிஞ்சுது.”

“குத்த முதல் கையைக் கழுவினனீங்களோ?”

“துடைச்சனான்.”

“அதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?”

“ஜாமூன் அடுக்கினனான்.”

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. “விசரே உங்களுக்கு? பாகுக் கையாலை குத்தினா ஜாமூனின்ரை சீனியைத்தான் அது காட்டும். போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத் திருப்பிக் குத்துங்கோ. வாய்க்குள்ளை என்ன கிடக்கு? கதை ஒரு மாதிரி வருது.”

“ஒண்டுமில்லை” என்றேன். உதட்டிலிருந்து சிகரெட் விழுந்தது.

கழுவிக் குத்தினேன். ஒரு கிராம் நாற்பது. குகன் சிரித்த சிரிப்பில் வெங்காயத்துக்கு வராத கண்ணீர் அவனுக்கு வந்தது.

போத்தலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இனிக்கிறது என்று முறையிட்டதும் ஊதாத் தலைக்காரியின் முகம் வெளிறியது.

“குடித்தீர்களா?”

“இல்லை. உப்புப் பார்த்தேன்.”

பிரெஞ்சில் ‘உப்புப் பார்ப்பது’ கிடையாது. இதற்குள் உப்புப் போட்டீரா என்று கேட்டாள். ஒருவழியாக விளங்கியதும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: கிளிசரின் தன் இயல்பிலேயே இனிக்கும், அது சீனி அல்ல, ஆனாலும் வாயில் வைக்கிற பொருளும் அல்ல, முசியு. இந்த முறை நான் ‘உய்’ சொல்லவில்லை. விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றேன். இந்த நாட்டில் நான் அப்படிச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவள் தாளில் கணக்குப் போட்டாள். இந்த லிட்டரில் இருநூறு மில்லி பேஜே, எண்ணூறு மில்லி வேஜே. இன்னும் அறுநூறு மில்லி பேஜே ஊற்றினால் எண்ணூறுக்கு எண்ணூறு, சரிபாதி. குழம்பு தடித்தால் தண்ணீர் விட்டு இறக்குகிற அதே வேலை! இதற்குப் போய் ஒரு காலை அடகு வைக்கப் பார்த்தேன். இப்போது என்னிடம் ஒன்றரை லிட்டருக்கு மேல் திரவம் இருக்கிறது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வரை ஊதலாம்.

பிற்பகல் ஓய்வில் உணவக வாசலுக்கு வருகிறேன். குகனும் நம்மவர் நாலு பேரும் சுவரோடு சாய்ந்து சிகரெட் பற்ற வைத்திருக்கிறார்கள். என் மாம்பழ மேகம் எழுந்ததும் முகத்தைச் சுளித்துச் சிரிக்கிறார்கள்.

“அண்ணை, உங்கடை சாம்பிராணியை அங்காலை கொண்டு போங்கோ. தமிழாக்கள் நிக்கிற இடம்.”

தெருவுக்கு மறுபக்கம் கடை வாசலில் ஊதாத் தலைக்காரி வாடிக்கையாளர்களோடு நின்று ஆவி விடுகிறாள். என்னைக் கண்டு தலையசைக்கிறாள். பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உப்புப் பார்த்தவனின் கதை அங்கே பரவிவிட்டது. நடைபாதை விளிம்பில், இரண்டு சிரிப்புக்கும் நடுவில் நிற்கிறேன். கெண்டைக்கால் மெல்ல முறுக்கத் தொடங்குகிறது. எடையை வலது காலுக்கு மாற்றுகிறேன், அது களைக்க மறுபடி இடதுக்கு. தெருவைக் கடப்பதற்குப் பச்சை விளக்கு விழுகிறது. இரண்டு காலும் இன்னும் என்னுடையவைதான். எதை முதலில் எடுத்து வைப்பது என்று யோசிப்பதற்குள் சிவப்பு விழுந்துவிடுகிறது.