அட்டை இல்லாத ஆறு கட்டு புறோக்

1. நான்காவது தடவை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் மெஷினில் கடதாசி நான்காவது தடவையாக அறுந்தது. கழிப்பறைக் கடதாசி செய்யும் மெஷின் அது. ஒரு தடவை அறுந்தால் எல்லாவற்றையும் வழித்துத் துப்புரவாக்கி மறுபடி ஓடவிட இருபது நிமிடம் பிடிக்கும். அந்த ஷிப்டில் கூழ் தயாரிக்கும் பகுதிக்கு நான் பொறுப்பு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்து பஸ் பிடித்துப் போய், தேம்ஸ் கரையோரத்து அந்த ஆலையில் பதினாறு வருடம் உழைத்திருந்தேன். மெஷினில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். கடதாசி அறுந்தால் கூழைக் குற்றம் சொல்வது மெஷின்காரரின் பிறவிக்குணம். நானும் சும்மா இருக்கவில்லை, அவர்களை நன்றாகத் திட்டினேன்.

பிறகு ஸ்கிரீனைத் திறந்தேன். கூழ் மெஷினுக்குப் போகும் முன்பு அதை அரிக்கும் தட்டு அது. தட்டு முழுக்க வெள்ளைச் செதில்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு பிடி எடுத்து விரலுக்குள் வைத்துக் கசக்கினேன். கழிப்பறைக் கடதாசி என்றால் தண்ணீரில் கரைந்துபோகும். இது கரையவில்லை. கை துடைக்கிற டவல் கடதாசி. அது எப்படி உள்ளே வந்தது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

2. புறோக் என்றால் என்ன

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். கடதாசி செய்யும்போது அறுந்தது, ஓரம் வெட்டியது, சுருளின் கடைசியில் மிஞ்சியது, நிறம் பிழைத்தது என்று ஆலையை விட்டு வெளியே போகாமல் மறுபடி கூழாகிற எல்லாவற்றுக்கும் புறோக் என்று பெயர். வீடுகளிலும் கடைகளிலும் சேர்த்து வருகிற பழைய கடதாசி புறோக் அல்ல. தொட்டியின் அடியில் தங்கும் சேறும் புறோக் அல்ல. புறோக் நாங்களே செய்த நல்ல கடதாசி. விற்க முடியாமல் போனது மட்டும்தான் அதன் குறை.

அதிலும் வகை இருக்கிறது. டவல் கடதாசி நனைந்தாலும் கிழியாமல் இருப்பதற்கு ஒரு பிசின் சேர்ப்பார்கள். அதன் புறோக்கைச் சாதாரண பல்பரில், அதாவது கடதாசியைத் தண்ணீர் விட்டு அடித்துக் கூழாக்கும் அண்டாவில், போட்டால் கரையாது. அதற்கென்று வேறு பல்பர், சுடுநீர், மருந்து எல்லாம் வேண்டும். ஆகவே புறோக்கைச் சேர்த்துக் கட்டிவைக்கும் ஒவ்வொரு கட்டிலும் இது என்ன கடதாசி என்று எழுதி ஒரு அட்டை கட்ட வேண்டும். அட்டை இல்லாத கட்டைப் பல்பருக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் தமிழர். நாங்கள் புறோக்கைக் கழிவு என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரைத் தொடக்கிவைத்தவள் நான்தான், சொல்ல லேசாக இருந்தது. சொல்லிச் சொல்லி எங்கள் கையும் அப்படியே பழகிவிட்டது. குப்பைக்குப் பெயர் எழுதி யார் கட்டுவார்கள்? வேலை நெருக்கும் நாளில் முதலில் விடுபடுவது அட்டைதான்.

கடதாசி அறுந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை பின்னேரம், பல்பரில் வேலை செய்யும் அன்ரன் அண்ணை என்னிடம் வந்தார். மன்னார்க்காரர், ஐம்பத்தைந்து வயது, தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்து பதினொரு மாதம். ஹவுன்ஸ்லோவில் கிடைத்த நாளுக்கு வேலை, கிடைக்காத நாளுக்கு இல்லை என்று வருடக்கணக்காக அலைந்தவர். இன்னும் மூன்று கிழமையில் அவரை நிரந்தரமாக்குவதாக ஆலை சொல்லியிருந்தது.

"தங்கச்சி, ஆறு கட்டு அட்டை இல்லாமல் கிடக்குது. என்ன செய்ய?"

"கழிவுக்கு என்ன அண்ணை அட்டை? காலமை வந்த உடனை ஏத்துங்கோ."

"ஒருக்கா நனைச்சுப் பாப்பமோ?"

"நேரமில்லை. போடுங்கோ எண்டால் போடுங்கோ."

காலையில் அவர் போட்டார்.

3. மனேஜரின் அறை

மத்தியானம் மனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் ஒரு வெள்ளைக்காரர், சத்தம் போடாத மனிதர். சத்தம் போடுகிறவர் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். பல்பரில் எதை யார் போட்டது என்று எழுதும் தாள் மேசையில் கிடந்தது. ஆறு கட்டுக்கும் நேரே அன்ரன் அண்ணையின் கையெழுத்து.

"அட்டை இல்லாத கட்டைப் போடச் சொன்னது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பொறுப்பு எனக்குக் கிடைத்து நாலு மாதம்தான். அந்தப் பகுதியில் ஒரு பெண் பொறுப்புக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதற்காக எத்தனை பேருடைய நக்கலைக் கேட்டிருந்தேன். இதெல்லாம் மனதில் ஓடி முடிய ஒரு நிமிடம்கூடப் பிடித்திராது. அதற்குள் அன்ரன் அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

"ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் பார்க்காமல் போட்டேன்."

மனேஜர் தலையாட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். ஏஜென்சிக்கு ஒரு ஈமெயில் போதும். அடுத்த நாள் அண்ணை வரத் தேவையில்லை.

"அது உண்மையில்லை" என்றேன். "போடச் சொன்னது நான். நனைத்துப் பார்ப்போமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றதும் நான்தான். அட்டை கட்டாமல் விடுகிற பழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பொறுப்பையும் எடுத்துவிட்டார்கள். அண்ணையின் வேலையில் கை வைக்கவில்லை.

அந்த ஆறு மாதமும் நான் கட்டுக்கு அட்டை கட்டினேன். ஒரு கட்டையும் விடவில்லை. யாராவது கழிவு என்று சொன்னால் விழுந்து கடித்தேன். "அக்கா வாறா, பேரைச் சரியாச் சொல்லுங்கோடா" என்று பெடியள் சிரிப்பார்கள். சிரித்தாலும் சரியாகத்தான் சொன்னார்கள். ஏழாம் மாதம் பொறுப்பு திரும்பி வந்தது.

4. பஸ் தரிப்பில்

அறையில் நடந்ததற்குப் பிறகு இரண்டு கிழமையாக அன்ரன் அண்ணை என்னோடு பேசவில்லை. எனக்கு அது பெரிய மனவருத்தம். நன்றி சொல்வார் என்றுகூட நான் எதிர்பார்த்திருந்தேன். அவ்வளவு மடைச்சி நான். ஒரு நாள் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நேரே கேட்டுவிட்டேன்.

"என்ன அண்ணை, நான் உண்மையைச் சொன்னது பிழையோ?"

"பிழையில்லை. ஆனா மனேஜருக்கு முன்னாலை என்னைப் பொய்யனாக்கிப் போட்டியள். ரெண்டு ஞாயிறு பூசைக்குப் போயும், பொய் சொன்ன வாயாலை நன்மை அப்பம் வாங்கேல்லை, தங்கச்சி. மனம் வரேல்லை."

"அப்ப ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னியள்?"

அவர் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்கள் வாயைத் திறக்கேல்லையே."

பிழையை ஒத்துக்கொண்ட பெண் என்று ஆலையில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். அதற்கு முன்னால் நான் பேசாமல் நின்றது ஏன் என்று விளங்கியவர் அவர் ஒருவர்தான். இப்போது புதியவர்களுக்குப் புறோக்கைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு இதையும் சொல்கிறேன். பிழை உங்களுடையது என்றால் கேட்டவுடனே சொல்லுங்கள். நான் ஒரு நிமிடம் பிந்தினேன். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு நல்ல மனிதர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டி வந்தது.