கல்லில் வெட்ட ஒரு தேதி

மருந்துக்கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் எக்ஸ்ரே. எந்த டாக்டரின் கிறுக்கலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"எக்ஸ்ரே, இங்க வாம்மா. இது சீட்டா, இல்ல எறும்பு மையில விழுந்து எந்திரிச்சுப் போன தடமா?" என்று முதலாளி நீட்டுவார்.

அவள் முதலில் எண்களைத்தான் படிப்பாள். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பது பிடிபட்டால் மருந்தின் பெயர் தானாக வாய்க்கு வந்துவிடும். வராவிட்டால் டாக்டருக்கே போன் போடுவாள். பதினாறு வருடத்தில் ஒரு சொல்லைக்கூட ஊகித்து மருந்து கொடுத்ததில்லை.

அப்பாவுடைய தாத்தாவின் ராணுவக் கோப்பு நகலாகத் தபாலில் வந்தபோது, அப்பா அறுவை சிகிச்சை முடிந்து கண்கட்டோடு கட்டிலில் இருந்தார். இன்னொரு கண் எப்போதோ மங்கிவிட்டது.

தாத்தா போருக்குப் போய்த் திரும்பாதவர். அவருடைய கடைசிக் கடிதம் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே தொங்கியது. 'பிள்ளையை வேலைக்கு அனுப்பாதே, படிக்க வை.' அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் மகனைப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த மகனுக்குப் பிறந்த அப்பா தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றார். அந்த வரியைச் சொல்லாமல் அவர் எந்தப் பள்ளி விழாவிலும் மேடையிறங்கியதில்லை. இப்போது தாத்தாவின் நினைவுக்கல்லில் அதை வெட்டித் தன் பழைய பள்ளி வாசலில் வைக்கப் போகிறார். இறந்த தேதி மட்டும்தான் பாக்கி. கல் வெட்டுகிறவர் காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

கடையின் பழக்கம் விடவில்லை. அவள் எண்களைத் தேடினாள். கடைசித் தாளில் இருந்தது: மார்ச் ஏழு, காய்ச்சல், மருத்துவக் கூடாரம். மறுவரியில் மார்ச் எட்டு, அடக்கம்.

அவள் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். கடிதத்தின் தேதி அதே வருடம் மார்ச் பதினேழு. அந்த ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு, காலில் ஒரு வால். கோப்பில் இருந்த ஏழுக்கும் அதே கோடு, அதே வால். ராணுவத்தில் சேர்ந்த தாளைப் புரட்டினாள். தாத்தா கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை அப்பியிருந்தது.



"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்குப்பா."

"டாக்டருங்க எழுதுறதையே படிக்கிறவ நீ. என்கிட்டயே கதை விடுறியா? சொல்லு."

வேறு ஒரு தேதியைச் சொல்லிவிடலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. வாயைத் திறந்தாள், பொய்யான எண் வெளியே வர மறுத்தது.

"மார்ச் ஏழு."

அப்பாவின் விரல்கள் போர்வையின் மேல் ஒவ்வொன்றாக மடங்கின. பத்தும் மடங்கி நின்றன.

"முன்னாடி ஒரு ஒன்னு அழிஞ்சிருக்கும். நல்லாப் பாரு."

"எட்டாம் தேதி அடக்கம் பண்ணிருக்காங்கப்பா. அவருக்கு எழுதவும் தெரியாது. ரேகைதான் இருக்கு. கடிதமும் இந்தக் கோப்பும் ஒரே கை."

"அப்போ செத்த மனுஷன் பேர்ல எவனோ ஒரு குமாஸ்தா எழுதினதையா நான் முப்பது வருஷம் மேடையில முழங்கிட்டிருந்தேன்?"

அவள் தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"தாத்தா சொல்லிட்டுச் செத்தாரா? இல்ல அவனா எழுதினானா?"

"அது இதுல இல்லப்பா."

சட்டத்தைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். மடியில் வைத்துக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவன் பேராவது இருக்கா?"

தாளின் அடியில் ஒரு கையொப்பம் இருந்தது. மூன்று சுழி, ஒரு இழுப்பு. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பேனாவை எடுத்து அந்தச் சுழிகளை அப்படியே எழுதிப் பார்த்தாள். இதற்குப் போன் போட்டுக் கேட்க யாரும் இல்லை.

"தெரியலப்பா. இது நிஜமாவே தெரியல."

மேசையில் போன் மூன்றாம் முறையாக அடித்தது. கல் வெட்டுகிறவர்தான்.

"தேதியைச் சொல்லிடு" என்றார் அப்பா. "அந்த வரிக்குக் கீழ தாத்தா பேரு வேண்டாம்னு சொல்லு."

"வேற யார் பேரு போடட்டும்னு கேப்பாரே?"

அப்பா கட்டுப்போட்ட கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இடம் விடச் சொல்லு."