அர்ச்சனையில் ஒரு பெயர் கூடுதல்

புதன்கிழமை மாலை நான்கு பத்துக்கு என் கைப்பேசி மேசையில் அதிரத் தொடங்கியது. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் எனக்கு வேலை. எதிரில் ஒரு நேபாளத் தொழிலாளி ஊருக்குப் போக விடுப்புக் கேட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன்.

எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. கல்லூரிக் கபடிக் குழுவினர் பயிற்சி முகாமில் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனை அடித்ததில் அவனுடைய இடது செவிப்பறை கிழிந்துவிட்டதாம். அவனுடைய தாயார் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். கீழே கபடிக் குழுவின் படம். யாரோ வேலை மெனக்கெட்டு ஒவ்வொரு முகத்தையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் மூன்றாவது முகம் என் மகனுடையது.

முதலில் அவனைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிட்டது கபடிக் குழுத்தலைவனின் அம்மாவை. "அதெல்லாம் ஒன்னுமில்லக்கா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்கான். அடிச்சாங்கன்னு கத கட்டுறான்" என்றார் அவர். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த நேபாளத் தொழிலாளியைக் காக்க வைத்துக்கொண்டே தாமான் குழுவில் எழுதினேன்: "இந்தப் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அந்தப் பையன் குளியலறையில் விழுந்திருக்கிறான். தீர விசாரிக்காமல் யாரும் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்க வேண்டாம்."

கும்பிடும் கைகளும் கட்டைவிரல்களும் வரிசையாக வந்து விழுந்தன. அன்று இரவுக்குள் அது முகநூலுக்குப் போய்விட்டது. 'விழுந்தானாம்' என்றுகூட நான் எழுதியிருக்கவில்லை. விழுந்திருக்கிறான் என்றே எழுதியிருந்தேன்.

மகன் வீட்டுக்கு வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றான்.

"நீ அடிச்சியா?" என்றேன்.

"இல்லம்மா. நான் கதவுகிட்ட நின்னேன்."

"எதுக்கு?"

"வார்டன் வந்தா சொல்றதுக்கு."

அடுப்பை அணைத்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். முதலாம் ஆண்டுப் பையனைச் சுவர் ஓரமாக நிறுத்தி, மூச்சு விடாமல் 'கபடி கபடி' சொல்லச் சொல்வார்களாம். எங்கே மூச்சு அறுகிறதோ அங்கே காதைச் சேர்த்து ஓர் அறை. மறுபடியும் முதலிலிருந்து.

"எல்லாருக்கும் செய்வாங்கம்மா. எங்க பேட்சுக்கும் செஞ்சாங்க."

"உனக்குமா?"

"கப்போட நிக்க வச்சு நீங்க போட்டோ எடுத்தீங்கல்ல, அந்த வாரம்தான்."

அந்தப் படம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டிருப்பான்.

"பாத்ரூம்ல விழுந்தான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்னு கேப்டன் சொன்னாரு," என்றவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீங்க அதுக்குள்ள எழுதிட்டீங்க."

வேலையிடத்தில் விசாரணை நடக்கும்போதெல்லாம் சாட்சிகளிடம் நான் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பார்த்ததை எல்லாம் சொல்லுங்கள். மலாயிலும் தமிழிலும் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் மகனிடம் சொன்னது வேறு.

"நீ தூங்கிட்டிருந்தே. ஒன்னும் பாக்கல. அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து ஊர் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டது. ஒரு பக்கம் 'இந்தியப் பையன்கள் என்றாலே சம்செங், ரவுடிகள்தான்' என்று மூன்று மொழிகளிலும் எழுதினார்கள். கல்லூரியை இழுத்து மூடு, எல்லோரையும் உள்ளே தள்ளு என்றார்கள். இன்னொரு பக்கம் நம்மவர்கள். "கபடின்னா அடிபடாதா? ஓர் அறைக்கே ஸ்டேசனா?" "அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லையாம், பையன் வளர்ப்பு அப்படித்தான் இருக்கும்." "நம்ம சனத்த நாமே காட்டிக் கொடுக்கலாமா?" இரண்டாவது பக்கத்தை வாசிக்கும்போது எனக்குள் ஒரு தெம்பு வந்தது. எங்கள் பக்கம் ஆள் சேருகிறது என்று நினைத்தேன். பலர் என் வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள். "குழுவில் இருக்கும் பையனுடைய அம்மாவே சொல்லியிருக்கிறார், குளியலறையில்தான் விழுந்தானாம்." நான் போட்ட பொய், எனக்கே ஆதாரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

என் கணவர் தெங்கேராவில் டயர் கடை வைத்திருக்கிறார். அங்கே வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர் ஆள் நிறைந்த நேரம் பார்த்து, "என்னா தம்பி, நீ டயருக்குக் காத்து அடிக்கிற, உன் மவன் காதயே அடிக்கிறானாம்ல?" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம். "நானும் சிரிச்சேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க எல்லோரும் பாடுபட்டது தெரிந்தது.

வியாழக்கிழமை போலீசிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்குள் மற்ற பையன்கள் எல்லோரும் கொடுத்து முடித்திருந்தார்கள், எல்லோருக்கும் அதே குளியலறை. அடிபட்டவன் ஒருவன் மட்டும் வேறு சொல்லிக்கொண்டிருந்தான். என் மகனும் தூங்கினேன் என்று சொல்லிவிட்டால் அவன் பொய்யன் ஆகிவிடுவான். என் மகன் பார்த்ததைச் சொன்னாலோ, கதவில் காவல் நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். இதை எல்லாக் கோணத்திலிருந்தும் யோசித்தேன். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நான் காப்பாற்ற நினைத்தது என் பிள்ளையை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை கோவிலில் பிள்ளைகளின் பெயருக்கு அர்ச்சனை செய்வோம் என்று அம்மாமார்கள் சேர்ந்து முடிவு செய்தோம். புதிய யோசனை ஒன்றுமில்லை. பருவம் தொடங்கும்போதெல்லாம் ஜெர்சிகளைச் சாமி பாதத்தில் வைத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வது எங்கள் வழக்கம். பெயர்களைத் திரட்டுவது என் பொறுப்பு. இந்தமுறை புதிதாகத் தட்டச்சு செய்ய எனக்குத் தெம்பில்லை. பருவத் தொடக்கத்தில் அனுப்பிய அதே செய்தியைத் தேடிப் பிடித்துக் குருக்களுக்கு மறுபடி அனுப்பிவிட்டேன். வாசித்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆகையால் கூட்டம் இருந்தது, ஒலிபெருக்கியும் போட்டிருந்தார்கள். குருக்கள் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். என் மகனுடைய பெயர், அவிட்டம். குழுத்தலைவன், உத்திரம். கடைசியில் இன்னொரு பெயர். பூச நட்சத்திரம்.

மண்டபம் முழுவதும் அந்தப் பெயர் கேட்டது. மூன்று நாளாக முகநூலில் நம்மவர்கள் திட்டிக்கொண்டிருந்த, அடிபட்ட பையனுடைய பெயர். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா, "என்னம்மா இது, அடிச்சவனுக்கும் அடி வாங்குனவனுக்கும் ஒரே தட்டா?" என்றார். "நல்லதுதான் லா, சாமிக்கும் ஒரே ஃபைல், சீக்கிரம் முடியும்," என்றது இன்னொரு குரல். குழுத்தலைவனின் அம்மா என் கையை இறுகப் பிடித்தார்.

"அக்கா, அந்தப் பேர எடுக்கலயா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

மறந்தது அது மட்டுமில்லை. பருவத் தொடக்கத்தில் அந்தப் பையனின் அம்மாவுக்கு ஃபோன் செய்து நட்சத்திரம் கேட்டது நான்தான். "பூசம்க்கா," என்றவர், "இவனுக்கு மூச்சு கொஞ்சம் வீக். சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சு. கோச்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா," என்றார். சரி, சொல்கிறேன் என்றேன். நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டேன். மூச்சைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூச்சு அறுந்த இடத்தில்தான் அவனை அறைந்திருக்கிறார்கள்.

அர்ச்சனை முடிந்ததும் திருநீறும் குங்குமமும் பூவும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார் குருக்கள். அம்மாமார்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். தட்டில் ஒன்று மிஞ்சியது.

"இது யாருதும்மா?" என்றார் குருக்கள். "யார் பேருக்குச் சொன்னமோ அவங்களுக்குப் போய்ச் சேரணும். இங்க விட்டுட்டுப் போகக்கூடாது."

எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு பொட்டலங்களையும் சாமி மேடையில் வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மகனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தேன். அவன் திருநீறு எடுக்கப் போனவன், "ரெண்டு இருக்கே, இது யாருக்கும்மா?" என்றான்.

சொன்னேன். கோவிலில் நடந்ததையும் சொன்னேன். பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேடையில் வைத்தான்.

"அப்பா உன்னக் காருல கூட்டிட்டுப் போவாரு. என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றேன்.

நான் குளித்துவிட்டு வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. அவனுடைய மோட்டார் சைக்கிள் இல்லை. சாமி மேடையில் ஒரு பொட்டலம்தான் இருந்தது.

என் கணவர் சட்டையைப் பாதி மாட்டியபடியே காரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஸ்டேசனிலிருந்து கூப்பிட்டார். "உள்ளதான் இருக்கான். பாக்க விடல." மறுபடி கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னார். வாக்குமூலத்துக்கு இவ்வளவு நேரம் ஆகாது. தூங்கினேன் என்று சொல்ல அரை மணி போதும். நேரம் போகப் போக அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும், யாராவது வந்து அப்படி இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு பழைய 'கஞ்சில்' கார் வந்து நின்றது. அடிபட்ட பையனின் அம்மா இறங்கினார். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார், நெற்றியில் திருநீறு. கேட்டைத் திறந்தேன்.

"உள்ள வாங்க."

"வேணாம்க்கா. பையனத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன். இடது பக்கமா கூப்ட்டா அவனுக்குக் கேக்கல." கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இன்னொரு ஸ்டேட்மெண்டுக்கு என்னையும் கூப்ட்டாங்க. உங்க மகன பெஞ்சுல பாத்தேன். பிரசாதத்தக் கையில குடுத்தான். எல்லாத்தயும் சொல்லிட்டேன் ஆன்ட்டின்னான். கதவுல நின்னதயும் சொல்லிட்டானாம். அதனாலதான் இன்னும் விடல."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கோச்சிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் முதலில் வந்தது. அவர் அதற்குள் தன் கைப்பேசியை எடுத்து என் முன்னால் நீட்டினார். திரையில் நான் புதன்கிழமை எழுதிய வரிகள்.

"இத எனக்கே எத்தன பேரு அனுப்புனாங்க தெரியுமாக்கா? எங்க சூப்பர்வைசர்கூட அனுப்புனாரு."

"அழிச்சிடுறேன்," என்று என் கைப்பேசியை எடுத்தேன். அந்த வரியை அழுத்திப் பிடித்தேன். நாள் கடந்துவிட்டதால் என்னிடமிருந்து மட்டும்தான் அழிக்க முடியும் என்று காட்டியது.

அவர் எட்டி என் திரையைப் பார்த்தார்.

"அழிக்க வேணாம்க்கா. அதுக்குக் கீழயே எழுதுங்க. அவன் விழலன்னு எழுதுங்க. உங்க பேருலயே எழுதுங்க."