கசெட்டின் கடைசிக் காட்சி

என் மேசை இழுப்பறையில் ஒரு வீடியோ கசெட் கிடக்கிறது. என் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய விழா அதில் இருக்கிறது. கசெட்டின் ஓரத்துச் சிறு குழி ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருக்கிறது. கடைப் படக் கசெட்டுகளை யாரும் அழித்துப் பதியக்கூடாது என்று அந்தக் குழியைத் திறந்தே விடுவார்கள், மூடினால் பதியலாம். பழைய படத்தின் ஒட்டுத்தாளைச் சுரண்டியது போக, அதில் அச்சிட்ட ஒரு வாள்நுனி மிஞ்சியிருக்கிறது.

அப்படி மூடியவர், பிரெஞ்சு பேசும் எங்கள் நகரில் செயின்ட்-மிஷேல் பகுதியில் வீடியோக் கடை வைத்திருந்த அண்ணை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கடையின் பின்னறையில் நாங்கள் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை நடத்தினோம். தமிழ்ப் படங்களை வாடகைக்கு எடுப்பது குறைந்துவிட்டிருந்தது. எங்கள் தேவாலயப் பங்குக் குடும்பங்களின் விழாக்களைப் படம்பிடிப்பதில்தான் கடை ஓடியது. எந்த விழாவானாலும், குடும்பம் வீடு திரும்பி வாசலுக்குள் நுழைவதோடுதான் கசெட்டை முடிப்பார்.

மூடப்பட்ட ஒரு டெப்பனர் மூலைக்கடையிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய ஜப்பானிய வாள்சண்டைப் படங்களை வாங்கியிருந்தார். எல்லாம் பிரெஞ்சுக் குரல். யாரும் எடுக்கவில்லை. மத்தியானங்களில் அவரே சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பனி உப்புப்போல உதிரும். இரத்தம் குழாய் உடைந்ததுபோலப் பீறிடும்; நிறம் தக்காளிச் சோஸ். பெண்களின் உடை தேவைக்கு மேல் கிழியும். இதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். “இதில ஆர் செய்தவன் எண்டு கடைசியில தெரியும்,” என்றார். விட்டுவந்த நாட்டில் நடந்த கொலைகளைச் செய்தவர் ‘இனந்தெரியாதோர்’ என்று நாங்கள் வாராவாரம் அச்சிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

வெறும் கசெட் தட்டுப்பாடான நாட்களில் அந்தப் படங்களின் மேலேயே விழாக்களைப் பதிந்தார். ஒருமுறை, ஒரு சிறுமியின் முதல் நன்மைக் கசெட்டில் விழா முடிந்த பிறகு மிஞ்சிய நாடாவை அழிக்க மறந்துவிட்டார். அதைப் போட்டுக் காட்டிய அந்த வீட்டு விருந்துக்கு நானும் போயிருந்தேன். திரையில் சிறுமி வெள்ளை உடையில் வாசலுக்குள் நுழைந்தாள். அடுத்த கணம் பழைய படத்தின் ஒரு பெண் ஒருவனின் கையை வெட்டினாள். சிறுமியின் தகப்பன் தொலை இயக்கியைத் தேடி எடுத்து நிறுத்தும்வரை மூன்று நிமிடம் ஓடியது. பாதர் கேக் தட்டைக் கீழே வைத்து, “பூசையில இது எந்த வாசகம், தம்பி?” என்றார். தகப்பன் சிரிக்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்து, பக்கத்தில் நின்று மிச்சத்தை அழிப்பித்தார். அந்த வாரமே இரண்டு குடும்பங்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. இன்னும் நாலு பேர் போனால் கடையைப் பூட்டவேண்டியதுதான் என்றார் அண்ணை.

சனிக்கிழமை சிறுமியின் தாய், தையல் ஆலை வேலை முடிந்து, தனியே வந்தார். மேசையில் என்னோடு இருந்த அண்ணை எழுந்து நின்றார்.

“அண்ணை, அந்த மனிசி கடைசி ஆளைப் பிடிச்சாவோ?”

“எந்த மனிசி?”

“சும்மா நடியாதேங்கோ. வாளோட நிண்டவ.”

“மிச்சத்தை அழிச்சுப்போட்டன், தங்கச்சி. உங்கட மனுசன்தான் நிண்டு அழிப்பிச்சவர்.”

“தெரியும். அதுதான் உங்களைக் கேக்கிறன்.”

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அவரை. “பிடிச்சா. வெட்டினா. பேந்து வாளைக் கழுவி வைச்சிட்டு வீட்டை போயிட்டா.”

“வீட்டை போனாவோ?”

“ஓம். நடந்தே போனவ.”

தாய் கைப்பையைத் தோளில் மாட்டினார். “அப்ப சரி. சின்னவளின்ர முதல் நன்மைக்கும் நீங்கள்தான் வரவேணும். புதுக் கசெட் போடுங்கோ.”

அந்தத் தாய் சொல்லியே மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். கடை இன்னும் மூன்று ஆண்டு நடந்தது.

அண்மையில் அந்தப் படத்தைக் கணினியில் முழுவதும் பார்த்தேன். அவள் கடைசி ஆளை வெட்டுகிறாள். தானும் குத்துப்பட்டுப் பனியில் விழுகிறாள். அத்துடன் படம் முடிகிறது. அவளுக்கு வீடு என்று ஒன்று படத்தில் எங்குமே இல்லை. அண்ணை அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர். வாடிக்கையைக் காக்க அப்படிச் சொன்னாரா, அந்தத் தாய்க்காகச் சொன்னாரா என்று கேட்டு எழுத இப்போது அவர் இல்லை.

இழுப்பறைக் கசெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மகளோடு நாங்கள் மூவரும் வாசலுக்குள் நுழைந்த இடத்தில் நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கிறது. அதற்குப் பிறகும், அண்ணை அழித்தாரோ பழைய படத்தை விட்டாரோ தெரியாத ஒரு விரற்கடை நாடா சுருளில் மிச்சம் இருக்கிறது.