அந்த ஐந்து நிமிடம்

மலேசியாவின் கோத்தா பாருவில் எங்கள் இஸ்லாமிய வங்கியின் ஷரியா தணிக்கையாளர் ஜவியா அக்கா. பொருளை வங்கி முதலில் வாங்க வேண்டும், பிறகுதான் வாடிக்கையாளருக்கு விற்கலாம். முந்தி விற்றால் அந்த லாபம் ஹராம், மார்க்கம் விலக்கியது. இருபது வருடமாக அக்கா கோப்புகளில் வாங்கிய நேரத்தையும் விற்ற நேரத்தையும்தான் பார்த்தார்.

ஒருநாள் எங்கள் வங்கியின் விற்பனை அலுவலர் சவ்பி சிக்கினான். தினமும் அக்காவோடு நாசி கெராபு சோற்றைப் பகிர்ந்து தின்றவன். ஒரு பொருளை வங்கி வாங்குவதற்கு முன்பே விற்றுவிட்டிருந்தான்.

"அஞ்சு நிமிஷந்தானேக்கா! கண்ண மூடிக்குங்க."

"நான் மூடிக்குவேன்டா. மேல இருக்கறவன் மூடுவானா?"

தணிக்கை அறிக்கையில் எழுதிவிட்டார். நானாயிருந்தால் கண்ணை மூடியிருப்பேன். அதனால்தான் எனக்கு அந்த வேலையை யாரும் தரவில்லை. சவ்பிக்கு வேலை போயிற்று. வங்கியின் மார்க்க அறிஞர் குழு அந்த லாபத்தைத் தர்மமாக ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொடுத்தது.

நான்கு வருடத்தில் சிறுநீரகம் பழுதாகி, சவ்பி அதே நிலையத்தில் கிடந்தான். அக்காவும் நானும் பார்க்கப் போனோம். அவசரத்தில் தாதி, நேரம் முடியுமுன்பே குழாயைக் கழற்ற வந்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கும்மா," என்றான் சவ்பி. "அக்கா பாத்துக்கிட்டிருக்காங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.