அவர் மறைத்த நீர்க்கட்டு

என் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உபாத்திச்சி. மகள்களைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மூத்திர நாற்றம். அவருடைய வேட்டியில், பாயில், நாற்காலியின் பிரம்புப் பின்னலில் எல்லாம் அது ஊறிக் கிடந்தது.

"பூனை பேஞ்சிருக்கும்" என்பார்.

புழக்கடைக்குப் போனால் உலை கொதிக்கும்வரை திரும்பமாட்டார். முக்கி முக்கிச் சொட்டுவது அடுப்படிக்கே கேட்கும். வந்து உட்கார்ந்த கையோடு மறுபடியும் எழுந்து ஓடுவார். என்னவென்று கேட்டால், "ஏட்டி, ஆம்பளை சமாச்சாரம் ஒனக்கு எதுக்கு?" என்று வாயை அடைத்துவிடுவார். அந்த வேட்டிகளை வெளுக்கப் போட எனக்குக் கூச்சம். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நானே கிணற்றடியில் துவைப்பேன். அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் எங்கள் வேதக்கோயிலில் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பந்தியில் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போக வெட்கப்பட்டு அடக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபின் எவ்வளவு முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை. மறுநாள் காலையில் அடிவயிறு கல்லாகிவிட்டது. வண்ணார்பேட்டையிலிருந்து வந்த வைத்தியர் நெருஞ்சி முள் கஷாயம் கொடுத்தார். நீர் பெருக்குகிற மருந்து அது. பெருகியது போக வழியில்லாமல் வயிறு இன்னும் உப்பியது. மத்தியானம் தூணைப் பிடித்துக்கொண்டு மாடுபோல முனகினார். வண்டி கட்டச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி வேண்டாம்ட்டி. அங்கன துணிய அவுக்கச் சொல்லுவான்."

"அவுத்தா என்ன? இத்தன வருசமா அந்தத் துணியத்தான நான் தொவைக்கேன்?"

தூணை விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு ரப்பர்க் குழாயைச் செலுத்தினார். பேசின் பாத்திரத்தைப் பிடிக்க வந்த சிப்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டதால் நானே வாங்கிப் பிடித்தேன். கலங்கிய பதனீர் நிறத்தில் கொட்டியது. அந்த வாடைக்கு நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவரோ வலி விட்ட சுகத்தில் குழந்தைபோல அழுதார்.

"மூத்திரப்பை வாசல்ல ஒரு சுரப்பி இருக்கு. வயசான ஆம்பளையள்ல நெறைய பேருக்கு அது வீங்கி வழிய அடைக்கும். சொட்டு சொட்டா வர ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

பட்டணத்துக்குப் போய் அறுத்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். இவர் மறுத்துவிட்டார். ஆகவே தினமும் தானே குழாய் போட்டுக்கொள்ளப் பழகினார். அதை வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். அடுப்படிக்குள் நான் விடவில்லை. புழக்கடையில் தனி அடுப்பும் தனிச் சட்டியும் வைத்துக் கொடுத்தேன். வெந்த ரப்பர் வாடைக்கும் என் மூக்கு கடைசிவரை பழகவில்லை. ஆனால் பாய் காய்ந்தது. வேட்டி வெறும் வேட்டியாக இருந்தது.

நோய் விசாரிக்க அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். சபையில் பெரியவர்கள், ஒருவர் வாத்தியார். நான் காப்பி வைக்க உள்ளே போனதும் குரல் தாழும்.

"எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் வே இருக்கு." அது வாத்தியார் குரல்.

"வீட்டுல சொல்லிட்டீரா?"

"இத எப்படிவே பொம்பளைட்ட சொல்ல?"

அடுப்படியில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூத்திரத்தைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்குக் குமட்டியது. இவர்கள் வீட்டிலும் ஒருத்தி மூக்கைக் கட்டிக்கொண்டு துவைத்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாத்தியாரின் மனைவியை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். "ஒங்க வீட்டுல பூனை உண்டா?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தாள். "எங்க வீட்டுல கொடத்துல ஓட்டைன்னு சொல்லுதாவ" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாளே அவள் வண்டி கட்டி வாத்தியாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டாள். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.