பாலாற்றைத் தாண்டிய தாய்மாமன்

மதுராந்தகம் ஜெயக்குமாருக்கு முப்பத்தெட்டு வயது, சொந்தமாக ஒரு லோடு வண்டி. நெல் மூட்டையோ தவிட்டு மூட்டையோ, தெற்கே அச்சரப்பாக்கம், திண்டிவனம் என்றால் சிட்டாய்ப் பறப்பார். வடக்கே லோடு என்று சொல்லிப் பாருங்கள், வண்டிக்கு உடனே ஏதாவது ரிப்பேர் வந்துவிடும். வடக்கே போனால் மாமண்டூர் தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏற வேண்டுமே! அந்த ஆற்றில் தண்ணீரை நாம் எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்? வருஷத்தில் முக்கால்வாசி வெறும் மணல். மணலுக்கு மேலே போக நடுங்குகிற மனுஷனை என்னவென்று சொல்ல!

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தப் பாலத்தின் நடுவில் டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டார். நெஞ்சு படபடத்து, கை மரத்து, உயிர் போகிறது என்றே நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அவர் நம்பினால்தானே? அன்றோடு பாலத்துக்கு ஒரு கும்பிடு.

இதில் இடிபட்டது செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்ட அக்கா ரேணுகா. மகள் அனுவுக்கு மூன்று வயதாகியும் காது குத்தவில்லை. புகுந்த வீட்டுக் குலதெய்வம் கோயிலில்தான் குத்த வேண்டும், தாய்மாமன் மடியில்தான் உட்கார்த்த வேண்டும். மாமனோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும், “வவுத்தால போவுதுக்கா” என்று போன் வந்தது. மூன்றாவது முறை அக்கா பொங்கிவிட்டாள்.

“இன்னாடா நென்ச்சுகினு கீற? மூணு மாசம் டைம். நீ வரலன்னா சித்தப்பா பையன் பார்த்திபன் மடியில உக்கார வெச்சிடுவாங்க. அப்பால என் வூட்டுப் பக்கமே தலை வெச்சுப் படுக்காத!”

இன்னொருத்தன் மடியில் அனுவா? ஜெயக்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வாரமே, செவ்வாய்தோறும் மதுராந்தகம் கிளினிக்குக்கு வரும் மனநல ஆலோசகர் ஜெஸ்ஸியிடம் போய் நின்றார்.

“பயம் ஏறும், உச்சிக்குப் போகும். ஓடாம நின்னீங்கன்னா தானா இறங்கும். ஓடுறதுதான் அதுக்குத் தீனி” என்றார் ஜெஸ்ஸி. முதல் வாரம் பாலத்தின் முனையில் சும்மா நிற்க வேண்டும். அடுத்த வாரம் பாதி தூரம் நடை. அதற்குப் பிறகுதான் வண்டி. ஆறாவது வாரம் ஜெயக்குமார் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“தாண்டிட்டேன் மேடம்!”

ஜெஸ்ஸி துருவினார். சட்டைப்பையில் மந்திரித்த எலுமிச்சம்பழம், சீட்டில் ஈசிஜி ஃபைல், பக்கத்தில் மூட்டை ஏற்றும் தர்மராஜ்.

“தர்மராஜ் எதுக்கு?”

“எனக்கு மயக்கம் வந்தா வண்டியப் புடிச்சுக்குவான்.”

“அவருக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“அப்போ எலுமிச்சம்பழம்தான் பாலத்தைத் தாண்டியிருக்கு. நீங்க இன்னும் இந்தக் கரையிலதான் இருக்கீங்க.”

வாரத்துக்கு ஒன்றாகக் கழற்றிவிட்டார்கள். பழம் போயிற்று, ஃபைல் போயிற்று. கடைசியில் தர்மராஜின் முறை. “பழத்துக்கும் எனுக்கும் ஒரே மரியாதையா அண்ணாத்த?” என்று அவர் இரண்டு நாள் முகம் கொடுத்தே பேசவில்லை.

காதுகுத்து அன்று ஜெயக்குமார் தனியாகக் கிளம்பினார். சரியாகப் பாலத்தின் நடுவில், முன்னால் போன லாரி ஆக்சில் உடைந்து நின்றது. பின்னால் கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள். உள்ளங்கை வேர்த்தது. நெஞ்சு தப்படித்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா? லாரிக்காரனைத் திட்டினார், ஜெஸ்ஸியைத் திட்டினார், ஆனால் சீட்டை விட்டு எழவில்லை. போன் அடித்தது.

“எங்கடா கீற?”

“பாலத்து மேல.”

அக்காவின் குரல் தணிந்தது. “முடியலன்னா சொல்லிடுடா. பார்த்திபன…”

“எவனாச்சும் உக்காந்தான், அவ்ளோதான்! நான் வந்துகினே கீறேன்.”

இருபது நிமிஷம் பயம் அவரைப் போட்டுப் புரட்டியது. அப்புறம் எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. காலையில் நாஸ்தா சாப்பிடாதது மட்டும் ஞாபகம் வந்தது, பயங்கரப் பசி.

லாரியை ஓரங்கட்டி வழி விட்டு, அவர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் சாப்பிட்டே முடித்திருந்தார்கள். மணையில் உட்காரப் போன பார்த்திபன் சட்டென்று ஒதுங்கிக்கொண்டான். ஊசி பட்டதும் அனு ஊரைக் கூட்டி, மாமனின் கையை நறுக்கென்று கடித்தாள். வலியில் அவரும் கத்தினார், ஆனால் மடி அசையவில்லை.

ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “பயம் போயிடுச்சாடா?”

“எங்க போச்சு? பயந்துகினேதான் வந்தேன்க்கா.”